பெடல் கட்டையும் பதினொரு நாளும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன வருஷம் இந்த மேடையில் ஒரு அக்கா ஆடு வளர்ப்பு பற்றிப் பேசினாங்க. அதற்கு முந்தின வருஷம் முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழில் பற்றிப் பேச்சு. இந்த வருஷம் என்னைப் பேசக் கூப்பிட்டதும், "தலைப்பு என்ன?" என்று கேட்டாங்க. "சைக்கிள் பெடலுக்குள்ள குண்டு மாத்துறது"ன்னு சொன்னேன். தலைவி அக்கா சிரிச்சுட்டாங்க. இப்ப நீங்களும் சிரிக்கிறீங்க. பரவாயில்லை, சிரிச்சுக்கிட்டே கேளுங்க. கையோடு ஒரு எவர்சில்வர் தட்டும், ஒரு பழைய பெடல் கட்டையும், ரெண்டு ஸ்பேனரும் கொண்டுவந்திருக்கேன். பேச்சு முடிஞ்சதும் கிட்ட வந்து பாருங்க.

முதல்ல இது ஏன் எனக்குப் பெரிய விஷயமா ஆச்சுன்னு சொல்லிடுறேன்.

எங்க ஊரிலிருந்து என் மக படிச்ச பள்ளிக்கூடம் 6 கிலோமீட்டர். காலையில ஒரு பஸ் சீக்கிரமே போயிடும், அடுத்த பஸ் பிரேயர் முடிஞ்ச பிறகுதான் வரும். அதனால பிளஸ் ஒன் படிக்கிறப்ப அரசாங்கம் கொடுத்த சைக்கிள்தான் அவளுக்குப் பஸ், கார் எல்லாம். இந்தத் திட்டம் 2001-2002ல ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று ஆரம்பிச்சது. பிறகுதான் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாங்க. நம்ம வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த சைக்கிளால பள்ளிக்கூடம் போனாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதே சைக்கிள் எத்தனை வீட்டு மாட்டுக் கொட்டகையில சாஞ்சு கிடக்குதுன்னும் உங்களுக்குத் தெரியும்.

எங்க ரோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அரியலூர்ன்னாலே சிமெண்ட், சுண்ணாம்புக்கல், லாரி. லாரி ஒண்ணு போனா கண்ணு திறக்க முடியாத தூசி. அந்தத் தூசி நம்ம கண்ணுல மட்டும் விழறதில்லை. சைக்கிள் பெடலுக்குள்ளயும் போகுது. மழைத் தண்ணியும் சேர்ந்து உள்ளே போகும்போது அங்க இருக்கிற கிரீஸ் சேறு மாதிரி ஆயிடுது.

அவள் பிளஸ் டூ போன வருஷம், ஆனி மாசம் இருக்கும், "அம்மா, இடது பெடல் கடகடன்னு சத்தம் போடுது"ன்னு சொன்னாள். நான் தேங்காய் எண்ணெய் விட்டேன். ரெண்டு நாள் சத்தம் நின்னுச்சு. மறுபடி சத்தம். மறுபடி எண்ணெய். "அம்மா, பெடல் ஆடுது"ன்னாள். "சந்தைக்குப் போறப்ப கடையில காட்டலாம்"ன்னு சொன்னேன். நூறு நாள் வேலை, முந்திரிக் கொல்லை, குழுக் கூட்டம்னு ஓடினதுல மூணு வாரம் போயிடுச்சு.

ஆடி மாசம், எதிர்க்காத்து. சாயங்காலம் எழுந்து நின்னு மிதிச்சிருக்கா. இடது பெடல் அப்படியே கழண்டு விழுந்திருக்கு. அவளும் ரோட்டுல விழுந்துட்டா. பின்னாடி வந்த லாரி டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தி, இறங்கி வந்து அவளைத் தூக்கி ஓரமா உட்கார வச்சிருக்கார். அந்தத் தம்பி யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் நல்லா இருக்கணும். என் மகளுக்கு மணிக்கட்டு வீங்கினதோட போச்சு.

அன்னிலேர்ந்து 11 நாள் அவள் பள்ளிக்கூடம் போகலை. மணிக்கட்டு அஞ்சு நாளில் சரியாயிடுச்சு. மீதி ஆறு நாள் சைக்கிள் இல்லாமதான் நின்னாள். அந்த ஆறு நாளில் வீட்டுல என்ன பேச்சு வந்துச்சு தெரியுமா? "ரோட்டுல விழுந்து எழுந்து படிக்கணும்னு என்ன இருக்கு? பொம்பளப் புள்ள படிச்ச வரைக்கும் போதும்"ன்னு எங்க மாமியார் சொன்னாங்க. அவங்க கெட்டவங்க இல்லை, பேத்தி மேல பயம். திருப்பூர்ல வேலை செய்யுற என் வீட்டுக்காரரும் போன்ல, "அம்மா சொல்றதும் சரிதானே"ன்னார். பெடல் ஆடுதுன்னு மூணு வாரத்துக்கு முன்னாடியே என்கிட்ட சொன்னவள் என் மக. அதைக் கேட்காம விட்டவள் நான். ஆனா படிப்பை நிறுத்தணும்னு பேச்சு வந்தது அவளுக்கு. இது எனக்குப் பொறுக்கலை.

சரி, நானே மாட்டிடலாம்னு உட்கார்ந்தேன். கழண்ட பெடலை எடுத்து, எல்லா நட்டும் எப்படித் திருகுவோமோ அப்படியே வலது பக்கமா திருகினேன். போகலை. ஒரு இரும்புக் குழாயை ஸ்பேனர்ல செருகி முழு பலத்தையும் போட்டேன். 'கிறீச்'னு ஒரு சத்தம். உள்ளே இருந்த கொஞ்ச நஞ்ச மரையும் போயிடுச்சு. பெடலோட போக வேண்டிய செலவு, கிராங்குக்கும் சேர்த்து ஆயிடுச்சு. அந்த வாரக் கூட்டத்துல உள்கடன் 600 ரூபாய் கேட்டேன். "எதுக்கு?"ன்னு ஊக்குநர் கேட்டாங்க. "சைக்கிள் கிராங்கு மாத்த"ன்னேன். தீர்மான நோட்டுல அப்படியே எழுதியிருக்கு, இப்பவும் பார்க்கலாம்.

எங்க ஊர்ல ஒரு பெரியப்பா இருக்கார். வாடகை சைக்கிள் காலத்துல கடை வச்சிருந்தவர். அவர்கிட்ட சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனேன். இடது கிராங்கு புதுசு போட்டார். பிறகு என்னைத் திட்டினார். "ஏம்மா, இடது பெடலுக்கு இடது மரைன்னு தெரியாதா?" "தெரியாது பெரியப்பா, யாரும் சொல்லலை"ன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர், "சரி, உட்காரு. நான் செய்ய மாட்டேன், சொல்றேன். நீ செய்"ன்னார். அன்னிக்குக் கத்துக்கிட்டதைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்லப்போறேன்.

முதல்ல பெடலுக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். நடுவுல ஒரு இரும்பு அச்சு. அதோட ஒரு முனையில மரை இருக்கும், அதுதான் கிராங்குல ஏறுறது. அந்த அச்சைச் சுத்தி ரெண்டு இடத்துல, கிராங்கு பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை, சின்னச் சின்ன இரும்புக் குண்டு இருக்கும். மிளகை விடக் கொஞ்சம் சின்னது. குண்டு உட்கார்ற பள்ளத்துக்குக் கப்புன்னு பேர். வெளிப்பக்கம் குண்டை அழுத்திப் பிடிக்கிறது கோன். கோன் நகராம இருக்க ஒரு வாஷர், அதுக்கு மேல ஒரு லாக் நட்டு, எல்லாத்தையும் மூட ஒரு மூடி. அவ்வளவுதான். இடியாப்ப அச்சைப் பிரிச்சுக் கழுவி மாட்டத் தெரிஞ்ச கைக்கு இது கஷ்டமே இல்லை.

பெடல் சரியா இருக்கா, இல்லையான்னு எப்படிப் பார்க்கிறது? ஒரு கையால கிராங்கைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பெடலை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடினா கோன் தளர்ந்திருக்கு, இல்லை குண்டு தேஞ்சிருக்கு. அடுத்து பெடலை விரலால சுத்தி விடுங்க. வழுவழுன்னு சுத்தினா நல்லது. மணல் அரைக்கிற மாதிரி கரகரன்னா உள்ளே தூசி. ஒரு இடத்துல வந்து வந்து பிடிச்சா குண்டு உடைஞ்சிருக்கலாம். பெடல் அச்சோடு சேர்ந்து கிராங்கு கிட்டயே ஆடினா அது இன்னும் ஆபத்து. மரை தளர்ந்திருக்குன்னு அர்த்தம். அன்னிக்கே இறுக்கணும், மூணு வாரம் விடக்கூடாது.

இப்ப கழட்டுறது. இங்கதான் நான் தப்பு செஞ்சேன், அதனால கவனமா கேளுங்க. வலது பெடல் நம்ம வழக்கமான மரை. இடது பெடல் அதுக்கு நேர் எதிர் மரை. ஏன்னா, மிதிக்க மிதிக்க அச்சு கொஞ்சம் கொஞ்சமா தானா திருகப் பார்க்கும். வலது பக்கம் ஒரு திசையில திருகும், இடது பக்கம் மறு திசையில திருகும். மிதிக்கிற மிதியிலேயே கழண்டு வந்துடக் கூடாதுன்னுதான் இடதுக்கு இடது மரை வச்சிருக்காங்க. நினைவு வச்சுக்க ஒரு வழி: ஸ்பேனரை நேரா மேலே நிற்கிற மாதிரி மாட்டுங்க. பின் சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினா ரெண்டு பெடலும் கழலும். முன் சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினா ரெண்டும் இறுகும். பின்னாடின்னா பிரியும், முன்னாடின்னா முறுகும். இதை மட்டும் வீட்டுக்குப் போற வரைக்கும் சொல்லிக்கிட்டே போங்க.

பெரும்பாலும் 15ஆம் நம்பர் ஸ்பேனர் பொருந்தும். அச்சு முனையில எல், ஆர்ன்னு ஆங்கில எழுத்து அடிச்சிருக்கும். எல் இடது, ஆர் வலது.

கழட்டின பெடலைத் தட்டுல வச்சுத்தான் பிரிக்கணும். தரையில வச்சீங்கன்னா குண்டு ஓடிடும், கோழி கொத்திடும். மூடியை எடுத்துட்டு, லாக் நட்டைச் சின்ன பாக்ஸ் ஸ்பேனரால எடுங்க. வாஷரை எடுங்க. கோனை ஸ்க்ரூ டிரைவர் முனையால மெதுவா திருகி எடுங்க. வெளிப்பக்கக் குண்டெல்லாம் தட்டுல கொட்டட்டும். எத்தனைன்னு எண்ணி நோட்டுல எழுதுங்க. பிறகு அச்சை உருவினா உள்பக்கக் குண்டு வரும். அதையும் எண்ணுங்க. நம்ம சங்கத்துக் கணக்கு மாதிரிதான், எண்ணாம வச்சா கடைசியில இடிக்கும்.

அடுத்தது கழுவுறது. மண்ணெண்ணெய் இப்ப கிடைக்கிறது அரிது, ஒரு டம்ளர் டீசல் போதும். அடுப்பு பக்கத்துல வேண்டாம், வாசல்ல உட்காருங்க. பழைய டூத் பிரஷ்ஷால அச்சு, கப்பு, கோன் எல்லாத்தையும் தேய்ச்சு, துணியால துடைங்க. கழுவின டீசலை வாய்க்கால்லயோ கிணத்தடியிலயோ ஊத்தாதீங்க, பாட்டில்ல தெளிய வச்சு அடுத்த தடவைக்கு வச்சுக்கலாம்.

அப்புறம் பார்க்கணும். கோன்ல குண்டு ஓடின தடம் தெரியும். அந்தத் தடத்துல பால்பாயிண்ட் பேனா முனையை இழுத்துப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா நல்லா இருக்கு. தட்டித் தட்டிப் போனா குழி விழுந்திருக்கு, கோனை மாத்தணும். கப்புலயே குழின்னா குண்டு மாத்தி பிரயோஜனம் இல்லை, பெடலையே ஜோடியா மாத்திடுங்க. சில பிளாஸ்டிக் பெடல்ல குண்டே இருக்காது, வெறும் புஷ்தான். அது தேஞ்சா பிரிக்கிற வேலையே கிடையாது, புதுசுதான்.

குண்டு மாத்தும்போது ஒண்ணு ரெண்டு மட்டும் மாத்தாதீங்க. பழைய குண்டு தேஞ்சு சிறுத்திருக்கும். நடுவுல புதுசு ஒண்ணு போட்டா பாரம் முழுக்க அது தலையில விழும். மாத்தினா எல்லாத்தையும் மாத்துங்க. பெடலுக்குப் பெரும்பாலும் 5/32 அங்குலக் குண்டு வரும். ஆனாலும் பழசு ஒண்ணை எடுத்துட்டுப் போய்க் கடையில காட்டி வாங்குங்க. சக்கரத்துக் குண்டு வேற அளவு.

கப்புல கிரீஸை நல்லா தடவி, அதுல குண்டை ஒவ்வொண்ணா பதிய வைங்க. கிரீஸ் பிடிச்சுக்கும், கீழே விழாது. எண்ணி எழுதின கணக்குக்கே வைங்க. சுத்தி அடுக்கினா ஒரு குண்டு அளவுக்கு இடம் சும்மா இருக்கலாம், அதையும் நிரப்பணும்னு திணிக்காதீங்க. இங்க தேங்காய் எண்ணெய் உதவாது. கிரீஸ் மாதிரி அது நிற்காது. சத்தத்தை ரெண்டு நாள் அடக்கும். நான் அந்த ரெண்டு நாள் அமைதியைத்தான் சரியாயிடுச்சுன்னு நம்பினேன்.

அச்சைச் செருகி, கோனை விரல் பலத்துக்கு இறுக்கி, பிறகு கால் சுத்து தளர்த்துங்க. வாஷர், லாக் நட்டு போட்டு இறுக்குங்க. லாக் நட்டு இறுகும்போது கோனும் கொஞ்சம் இறுகும், அதுக்குத்தான் அந்தக் கால் சுத்து. இப்ப ஆட்டிப் பாருங்க, ஆடக் கூடாது. சுத்திப் பாருங்க, பிடிக்கக் கூடாது. ரெண்டும் ஒத்து வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யணும். முதல் தடவை எனக்கு ஏழு தடவை ஆச்சு. பெரியப்பா ஒரு வார்த்தை பேசாம பீடி பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியா கிராங்குல மாட்டுறது. மரையில கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் மூணு நாலு சுத்து விரலாலதான் ஏத்தணும். விரலுக்கு ஏறலைன்னா மரை கோணலா உட்காருது, இல்லை பக்கம் மாறியிருக்கு. அங்க ஸ்பேனரைத் தொடாதீங்க. குழாயை நினைக்கவே நினைக்காதீங்க. விரலால ஏறின பிறகு ஸ்பேனரால நல்லா இறுக்குங்க. ஒரு நாள் ஓட்டின பிறகு மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்க.

12ஆம் நாள் காலையில என் மக அந்த சைக்கிள்ல பள்ளிக்கூடம் போனாள். எங்க மாமியார் வாசல்ல நின்னு பார்த்தாங்க. "நீயா மாட்டினே?"ன்னு கேட்டாங்க. "ஆமா அத்தை"ன்னேன். ஆட்டிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை, உள்ளே போயிட்டாங்க. அதுக்குப் பிறகு படிப்பை நிறுத்துற பேச்சு எங்க வீட்டுல வரலை.

என் சின்ன அத்தை புதுக்கோட்டை மாவட்டத்துல வாக்கப்பட்டவங்க. அவங்ககிட்ட இந்தக் கதையைச் சொன்னப்ப அவங்க ஒரு விஷயம் சொன்னாங்க. 1991க்கு அப்புறம் அங்க அறிவொளி இயக்கம் நடந்துச்சு. அப்ப கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிப்போட சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கத்துக்கட்டும்னு ஊக்கம் கொடுத்தாங்க. கல்குவாரியில வேலை செஞ்சவங்க, கூலி வேலைக்காரங்க, ஆசிரியை, நர்சுன்னு ஆயிரக்கணக்கான பெண்கள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. அதனால ஆம்பளைங்க சைக்கிளையே ஓட்டினாங்க. முன்னாடி இருக்கிற கம்பியில பிள்ளையை உட்கார வைக்க வசதின்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதி, நாடு முழுக்கத் தெரிஞ்சது.

எங்க அத்தையும் அதுல ஓட்டக் கத்துக்கிட்டவங்க. "ஊர்ல கிண்டல் பண்ணினாங்க, நாங்க நிறுத்தலை. ஆனா என் சைக்கிள் நின்னது கிண்டலால இல்லடி, ரிப்பேரால. ஓட்டத் தெரிஞ்ச எனக்கு ஒரு நட்டு திருகத் தெரியாது. உங்க மாமா கடைக்கு எடுத்துட்டுப் போற வரைக்கும் அது திண்ணையோரமா நிற்கும். அப்புறம் ஒரு நாள் நின்னது நின்னதுதான்"ன்னாங்க. எல்லாருக்கும் அப்படித்தான் ஆச்சுன்னு நான் சொல்லலை. எங்க அத்தைக்கு ஆனதைச் சொல்றேன். ஓட்டுறது பாதி, பார்த்துக்கிறது பாதி.

ஆம்பளைங்க வேலைன்னு ஒரு பேச்சு வரும். விமானத்தை முதல்ல பறக்க விட்ட அமெரிக்காவோட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வச்சிருந்தவங்க. சைக்கிளைப் பிரிச்சு மாட்டின கைதான் 1903ல விமானத்தைப் பறக்க விட்டுச்சு. நம்மளை யாரும் விமானம் கட்டச் சொல்லலை, நம்ம பிள்ளை ஓட்டுற பெடலைப் பார்த்துக்கத்தான் சொல்றேன்.

இப்ப எங்க குழுவுல ஒரு டூல் பாக்ஸ் இருக்கு. தீர்மானம் போட்டுக் குழுப் பணத்துல வாங்கினது. நாலு ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் ஒண்ணு, ரெண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கிரீஸ் டப்பா, குண்டு பொட்டலம். மாசத்துல ரெண்டாவது ஞாயிறு பிரதிநிதி வீட்டு வாசல்ல உட்காருவோம். போன வருஷம் 23 சைக்கிள் ஓவராயிலிங் பண்ணினோம். அதுல 9 சைக்கிள் கொட்டகையில தூசி பிடிச்சுக் கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து கத்துக்குதுங்க. கூலி வாங்குறதில்லை, பொருள் விலை மட்டும்தான். என் 600 ரூபாய் உள்கடனை நாலு மாசத்துல கட்டிட்டேன், அதையும் சொல்லிடுறேன், பொருளாளர் அக்கா பார்த்துக்கிட்டு இருக்காங்க.

என் மக இப்ப அரியலூர்ல காலேஜ் மூணாம் வருஷம். அந்த சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துட்டா. கொடுக்கிறதுக்கு முன்னாடி அவளே பெடலைப் பிரிச்சு, கழுவி, கிரீஸ் வச்சுக் கொடுத்தாள். நான் தட்டைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு ஊராட்சிக்கும் இப்படி ஒரு டூல் பாக்ஸ் வாங்கி வைக்க வர்ற கூட்டத்துல தீர்மானம் கொண்டுவரணும்னு கேட்டுக்கிறேன். சொல்லிக் கொடுக்க நாங்க வர்றோம், பஸ் செலவு கூட வேண்டாம், சைக்கிள்லயே வர்றோம்.

சகோதரிகளுக்கு ஒரு கோரிக்கை. இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், விளக்கு வச்ச பிறகு, பிள்ளையோட சைக்கிள் பெடலை ஒரு தடவை ஆட்டிப் பாருங்க. ரெண்டு பக்கமும். பிள்ளை "ஆடுது"ன்னு சொன்னா அடுத்த சந்தை வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

தட்டும் பெடலும் மேடைக்குக் கீழே வச்சிருக்கேன். சாப்பாட்டுக்கு முன்னாடி வந்தா கை கழுவ சோப்பும் இருக்கு.